மண் வீடு: கரையும் பொருளை வைத்துக் கட்டுவது எப்படி?

மண் வீடு என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: மழையில் கரைந்துவிடாதா? கரையும். அதில் சந்தேகமே வேண்டாம். நன்றாகக் காய்ந்த ஒரு பச்சைக்கல்லை, அதாவது சூளையில் சுடாத மண் கல்லை, வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கடைசியில் அடியில் சேறாகத் தங்கிவிடும். அப்படியிருந்தும் ஏமன் நாட்டில் ஷிபாம் என்ற ஊரில், சுடாத மண் கல்லால் கட்டிய ஏழு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஊர் இப்போதிருக்கும் வடிவம் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தாவோஸ் பழங்குடி மக்களின் மண் குடியிருப்பில் பல நூறு ஆண்டுகளாக இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள்.

கரையும் பொருள் எப்படி இவ்வளவு காலம் நிற்கிறது? இது புரிந்துவிட்டால் மண் கட்டுமானத்தில் பாதி புரிந்த மாதிரி.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

வீடு கட்டும் மண் தோட்டத்து மண் அல்ல. தரையின் மேலடுக்கில் வேரும் மக்கிய இலையும் கலந்திருக்கும். செடிக்கு அது நல்லது, சுவருக்கு ஆகாது. அந்த மேல்மண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். கடைக்கால் தோண்டும்போது வெளியே வருவதில் பெரும்பகுதி இந்த மண்தான். அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வேறு பொருளை லாரியில் வரவழைப்பதுதான் இன்றைய வழக்கம்.

அடிமண்ணில் நான்கு வகைத் துகள்கள் உண்டு. 2 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது சரளை. அதற்குக் கீழே சுமார் 0.06 மி.மீ. வரை மணல். அதற்கும் கீழே 0.002 மி.மீ. வரை வண்டல். அதைவிடப் பொடியாக இருப்பது களி. சரளையும் மணலும் சுமை தாங்கும். வண்டல் இடுக்குகளை நிரப்பும். எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்து வைப்பது களி மட்டுமே.

களித் துகள் உருண்டையாக இருக்காது, மெல்லிய தகடாக இருக்கும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? ஏறக்குறைய அதுதான் களியிலும் நடக்கிறது. தண்ணீர் நிறைய இருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், மண் குழையும். தண்ணீர் வற்ற வற்றத் தகடுகள் நெருங்கி, மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நெருங்கும்போது மொத்த மண்ணும் சுருங்கும். வற்றிய குளத்தில் தரை பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான்.

இதில் எந்த ரசாயன மாற்றமும் இல்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. செங்கல் 900, 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்து மாறிவிடுகிறது. இரண்டையும் பழையபடி ஆக்க முடியாது. காய்ந்த மண் மட்டும் தண்ணீர் பட்டால் பழைய நிலைக்கே திரும்பிப் போகும். மண் வீட்டின் நல்லது கெட்டது அத்தனையும் இந்த ஒரு குணத்தில் அடங்கிவிடும். சூளை வேண்டாம் என்பதும், இடித்த சுவரை நனைத்து மறுபடி கட்டலாம் என்பதும், விரிசலில் ஈர மண்ணை வைத்துத் தேய்த்தால் பழைய சுவரோடு சேர்ந்துகொள்ளும் என்பதும் அதனால்தான். மழையில் கரைவதும் அதனால்தான்.

பலம் போதுமா என்று அடுத்துக் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாக இறுகிய மண்சுவர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 டன் எடை. 3 மீட்டர் உயரச் சுவரின் அடியில், சுவரின் சொந்த எடையால் விழும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 0.6 கிலோ. கூரையையும் சேர்த்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். சுமாரான பச்சைக்கல்லே 10 கிலோ தாங்கும். ஆக, ஒரு மாடி வீட்டுக்குப் பலம் ஒரு பிரச்சினையே இல்லை, காய்ந்திருக்கும் வரை. ஊறிவிட்டால் அந்தப் பலம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். மண் வீடுகள் பாரம் தாங்காமல் விழுவது அபூர்வம். விழுந்த வீட்டின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் தண்ணீரோ நிலநடுக்கமோதான் வரும்.

உங்கள் மண் எப்படிப்பட்டது?

ஒரு புத்தகத்திலோ வீடியோவிலோ பார்த்த முறை பிடித்துப்போய், அப்புறம் அதற்கேற்ற மண்ணைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். அதைத் திருப்பிச் செய்வதுதான் சரி. முதலில் காலடியில் இருக்கும் மண்ணைச் சோதியுங்கள். அது எதற்கு ஒத்துவருமோ அந்த முறையில் கட்டுங்கள்.

சோதிக்க ஆய்வகம் வேண்டும் என்பதில்லை, கையே போதும். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவிப் பாருங்கள். சோப்பு மாதிரி வழவழத்து, எளிதில் போக மறுத்தால் களி அதிகம். காய்ந்ததும் மாவு போல உதிர்ந்தால் வண்டல். நறநறவென்று இருந்தால் மணல். முகர்ந்து பார்த்து மக்கல் வாடை அடித்தால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

அடுத்தது பாட்டில் சோதனை. நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படியும். வண்டல் படிய ஓரிரு மணி நேரம் ஆகும். களி படிந்து மேலே தண்ணீர் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பிறகு அடுக்குகளை அளந்து பார்க்கலாம். ஆனால் இந்த அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. களி தண்ணீரில் உப்பிக்கொள்வதால் அந்த அடுக்கு உண்மையில் இருப்பதைவிடத் தடிமனாகத் தெரியும். எந்த வகை களி என்பதையும் பாட்டில் சொல்லாது. சில களிகள் கொஞ்சமாகத்தான் உப்பும். கரிசல் மண்ணில் இருப்பது போன்ற களி, நனைந்தால் உப்பி, காய்ந்தால் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டும் பாட்டிலில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது சுருட்டுச் சோதனையில். கல்லைப் பொறுக்கி எடுத்த மண்ணைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரல் தடிமனுக்கு நீளமாகச் சுருட்டுங்கள். அதை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். தன் எடை தாங்காமல் எங்கே அறுந்து விழுகிறது என்று பாருங்கள். 5 செ.மீ.க்குள் அறுந்தால் களி போதவில்லை. 15 செ.மீ.யைத் தாண்டியும் தொங்கினால் களி மிகுதி, மணல் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்றால் நல்ல மண்.

சுருக்கத்தை அளக்க ஒரு மரப்பெட்டி போதும்: 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம். உள்ளே எண்ணெய் தடவி, ஈர மண்ணைத் திணித்துச் சில நாள் வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் உடைந்த துண்டுகளையெல்லாம் ஒரு முனைக்குத் தள்ளி, மறுமுனையில் மிஞ்சும் இடைவெளியை அளந்தால் மண் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்துவிடும். இடைவெளி 2 செ.மீ.யைத் தாண்டினால், அந்த மண்ணை அப்படியே சுவரில் வைக்க நான் துணிய மாட்டேன். மணல் கூட்டி மறுபடி பெட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த முறையில் கட்டுவது?

உலகம் முழுக்க எத்தனையோ பெயர்களில் சொன்னாலும் அடிப்படை முறைகள் ஐந்தாறுதான். அவற்றுக்குள் உள்ள முக்கிய வித்தியாசம், மண்ணில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறோம் என்பதே.

குழைசேறாகப் பிசைந்து, வைக்கோல் சேர்த்து, அச்சில் ஊற்றி வெயிலில் காயவைப்பது பச்சைக்கல். உலகில் பரவலாக அடோபி என்று சொல்வார்கள். கல் தனித்தனியாகக் காய்வதால், சுருங்க வேண்டியதெல்லாம் சுவரில் ஏறுவதற்கு முன்பே சுருங்கிவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் பெரிய வசதி. வெடித்த கல்லை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஓரிரு நாளில் கல் கையில் எடுக்கும் பதத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும். முழுக்கக் காய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். காய வைக்கப் பெரிய இடம் வேண்டும், அந்த நாட்களில் மழையும் பெய்யக் கூடாது. கட்டும்போது கற்களுக்கு நடுவே வைக்கும் சாந்தும் அதே மண்தான்.

கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்த மண்ணில் நிறைய வைக்கோல் சேர்த்து, உருண்டை உருண்டையாக நேராகச் சுவரிலேயே அடுக்கி மிதிப்பது காப். அச்சும் வேண்டாம், பலகையும் வேண்டாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பல நூறு ஆண்டு பழைய காப் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுவர் 45 முதல் 60 செ.மீ. தடிமன் இருக்கும். அரை மீட்டர் உயரம் ஏற்றியதும் நிறுத்திவிட்டு, அது இறுகும் வரை காத்திருந்துதான் அடுத்த வரிசை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அடிச்சுவர் பிதுங்கும். வளைந்த சுவர், மாடம், திண்ணை என்று கைக்கு வந்த வடிவத்தில் இழைக்கலாம் என்பதால் சொந்தக் கையால் கட்ட விரும்புகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் எவ்வளவு வேலை என்பதைக் கட்டிப் பார்க்கும்போதுதான் உணர்வார்கள். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 45 செ.மீ. தடிமன் உள்ள ஒரே ஒரு சுவருக்குக் கிட்டத்தட்ட 8 டன் மண்ணைக் குழைத்து, தூக்கி, மேலே ஏற்ற வேண்டும்.

தண்ணீர் மிகக் குறைவாக உள்ளது இடிமண் சுவர், அதாவது ராம்டு எர்த். இங்கே மண் சேறாகவே இருக்காது. கையில் பிடித்தால் பிடிபடும், ஆனால் கையில் ஈரம் ஒட்டாது. எடையில் 8 முதல் 10 சதவீதம் தண்ணீர் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் பலமான பலகை அடைத்து, நடுவே 15 செ.மீ. உயரம் மண் கொட்டி, அது 10 செ.மீ. வரை இறங்கும் வரை திமிசுக்கட்டையால் இடிப்பார்கள். சரியாக இறுகும்போது இடிக்கும் சத்தமே மாறிவிடும். தொப்தொப்பென்று கேட்டது கணீரென்று கேட்க ஆரம்பிக்கும். இதற்குக் களி குறைவாகவும் மணலும் சரளையும் கூடுதலாகவும் உள்ள மண்தான் பொருத்தம். தண்ணீர் குறைவாக இருப்பதால் சுருக்கமும் குறைவு. அடுக்கடுக்காக நிறம் மாறித் தெரியும் சுவரின் அழகுக்காகவே இதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. சீனப் பெருஞ்சுவரின் சில பகுதிகளும், அதே நாட்டின் ஃபூஜியான் மாகாணத்தில் வட்டமான பெரிய கூட்டுக் குடியிருப்புகளும் இப்படி இடித்துக் கட்டியவைதான்.

மூங்கிலாலோ குச்சியாலோ படல் பின்னி, இரண்டு பக்கமும் மண் அப்புவது இன்னொரு வழி. இதில் சுமையை மரச்சட்டமே தாங்கும், மண் வெறும் உடம்பை மூடும் வேலை செய்யும். சுவர் மெல்லியது, லேசானது. நிலநடுக்கம் வரும் இடத்தில் இந்த லேசுதான் உயிரைக் காக்கும்.

பிறகு அழுத்திய மண்கட்டி. லேசாக ஈரமான மண்ணில் கொஞ்சம் சிமென்ட் அல்லது சுண்ணாம்பு கலந்து, எந்திரத்தில் அழுத்தி எடுப்பது. 1950களில் கொலம்பியாவின் பொகொட்டா நகரில் இருந்த சின்வா என்ற வீட்டுவசதி ஆய்வு மையத்தில், ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் அழுத்தும் எந்திரத்தை உருவாக்கினார். சின்வா ராம் என்ற அந்த எந்திரத்தின் வழிவந்தவை இன்று பல நாடுகளில் ஓடுகின்றன. கட்டி செங்கல் போல ஒரே அளவில் வருவதால் கொத்தனார்கள் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள். புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் 2001இல் இத்தகைய கட்டிகளால் ஒரு பள்ளிக்கூடம் கட்டியவர் பிரான்சிஸ் கேரே. 2022இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அந்தப் பள்ளியின் தகரக் கூரை மண்கட்டிக் கூரையைத் தொடாமல் மேலே தனியாகத் தூக்கி நிற்கும். இடையில் காற்று ஓடும், விளிம்பு வெளியே நீண்டு சுவரை மழையிலிருந்து காக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வரும்?

மண் வீட்டைப் பற்றிப் படிக்க நினைக்கிறவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது படித்தால் போதும் என்பேன். தண்ணீர் வர நான்கு வழி உண்டு: மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து, அப்புறம் வீட்டுக்குள்ளிருந்தே.

மேலிருந்து வருவதைக் கூரை பார்த்துக்கொள்ளும். கூரை விளிம்பு சுவரிலிருந்து 60 முதல் 90 செ.மீ. வரை வெளியே நீண்டிருக்க வேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்தில் அதுவும் போதாது, தாழ்வாரம் இறக்குவது நல்லது. மண்சுவரின் தலைப்பக்கம் திறந்து கிடந்தால் அதைப் போல ஆபத்து வேறில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சுவரின் உச்சியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கீழிருந்து வருவதுதான் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். தரையின் ஈரம் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறும். ஏறிய தண்ணீர் ஆவியாகும் இடத்தில், அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகும். படிகம் வளர்ந்து மண்ணைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். வெளியே மழைத்துளி தரையில் விழுந்து தெறிப்பதும் அதே உயரத்தில்தான் சுவரை அரிக்கும். பழைய மண்சுவர்களைப் பார்த்தால் தரையிலிருந்து ஒரு சாண், ஒரு முழ உயரத்தில் குடைந்த மாதிரி உள்வாங்கியிருக்கும். சுவரின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தாலும், அந்த ஒரு இடம் மெலிந்துகொண்டே போய் ஒரு நாள் மொத்தமும் சாயும். இதற்கு மருந்து, மண் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான். தரைமட்டத்துக்கு மேலே குறைந்தது 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்குக் கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ அடிச்சுவர் எழுப்பி, ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு ஒன்று வைத்து, அதன் மேல் மண்சுவரைத் தொடங்க வேண்டும். சுற்றிலும் தரை வீட்டை விட்டு வெளியே சரிய வேண்டும். ஷிபாம் வீடுகள் மண்ணால் ஆனாலும் அடிப்பகுதி கல்தான். அப்படியும் 2008இல் வந்த பெருவெள்ளத்தில் அந்த ஊரும் சேதப்பட்டது.

பக்கவாட்டில் அடிக்கும் மழைக்குப் பூச்சு. இங்கேதான் நல்லெண்ணத்தோடு பெரிய தவறு நடக்கிறது. மண்சுவர் பலவீனமானது, மேலே சிமென்ட் பூசிவிட்டால் கெட்டியாகிவிடும் என்று நினைப்பார்கள். நியூ மெக்சிகோவின் ராஞ்சோஸ் தே தாவோஸ் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்த மண் தேவாலயம் ஒன்று உண்டு. ஊர் மக்கள் சேர்ந்து அவ்வப்போது மண் பூசிக் காத்துவந்த கட்டடம். 1967இல் அந்த வேலையே வேண்டாம் என்று சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் பூச்சில் முடி இழை போன்ற விரிசல்கள் விழுந்தன. அவற்றின் வழியே மழைநீர் உள்ளே போனது. போன நீர் வெளியே ஆவியாக வழியில்லை. வெளியிலிருந்து பார்க்கச் சுவர் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே மண் ஊறிக்கொண்டிருந்தது. 1979இல் சிமென்ட்டை உரித்தெடுத்துவிட்டு மறுபடி மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூசுகிறது.

ஆகவே பூச்சு, சுவரை விட மென்மையாகவும் ஆவி வெளியேற விடுவதாகவும் இருக்க வேண்டும். மண் பூச்சு அதற்கு ஏற்றது: களி ஒரு பங்குக்கு மணல் இரண்டு மூன்று பங்கு, நறுக்கிய வைக்கோல், கூடவே பல நாடுகளில் சாணமும் சேர்ப்பார்கள். சாணத்தில் இருக்கும் நுண்ணிய நார் வெடிப்பைக் குறைக்கும். மழை அதிகம் என்றால் சுண்ணாம்புப் பூச்சு. அது மழைக்கு எளிதில் கரையாது, ஆவியையும் அடைக்காது. மண் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தான் வேண்டும். சுவருக்குப் பதிலாகத் தேய்வதற்கென்றே இருப்பது அது. மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதி, இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. சுவரெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல, ஆண்டுப் பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமும் அவைதான். பராமரிப்பை முதல் நாளிலேயே கணக்கில் எடுத்துக்கொண்ட கட்டடம் அது.

ஆஸ்திரியாவின் மார்ட்டின் ரவுச் வேறு மாதிரி யோசித்தார். ஷ்லின்ஸ் என்ற ஊரில் 2008இல் கட்டி முடித்த தன் இடிமண் வீட்டில் அவர் வெளிப்பூச்சே பூசவில்லை. சுவரின் குறுக்கே இடைவெளி விட்டு விட்டுச் சுட்ட களிமண் பட்டைகளைச் சற்றே வெளியே நீட்டிப் பதித்தார். சுவரில் ஓடும் மழைநீர் ஒவ்வொரு பட்டையிலும் தடுக்கி வேகம் இழக்கும். முதல் சில ஆண்டுகளில் மேல்பரப்பிலுள்ள பொடிமண் கொஞ்சம் அரித்துப் போகும், பிறகு சரளை வெளியே தெரிந்து அரிப்பு தணியும். எவ்வளவு அரிக்கும் என்று கணக்கிட்டு அந்த அளவு கூடுதலாகவே தடிமன் வைத்திருந்தார். அனுபவம் உள்ளவர் செய்தால் அழகு. முதல் வீட்டில் முயற்சி செய்து பார்க்கிற விஷயம் அல்ல.

வீட்டுக்குள்ளிருந்து வரும் தண்ணீரைப் பலரும் மறந்துவிடுவார்கள். குளியலறைச் சுவரையும் குழாய் ஓடும் சுவரையும் சுட்ட செங்கல்லிலோ கல்லிலோ கட்டுவதில் ஒரு அவமானமும் இல்லை. மண்சுவருக்குள் தண்ணீர்க் குழாயைப் புதைக்கவே கூடாது. ஒரு சின்னக் கசிவு வெளியே தெரிவதற்குள் சுவரின் பாதி சேறாகியிருக்கும்.

சிமென்ட் கலக்கலாமா?

கரைவதுதானே பிரச்சினை, கொஞ்சம் சிமென்ட் கலந்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீரும், ஒரு விலைக்கு. மணல் மிகுந்த மண்ணில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்தி, ஈரம் காயாமல் 28 நாள் பதப்படுத்திய கட்டி மழைக்குக் கரையாது. களி மிகுந்த மண்ணுக்குச் சிமென்ட்டை விடச் சுண்ணாம்பு ஒத்துவரும். மெல்லிய சுவர் வேண்டுமென்றால், மழை மிகுந்த இடமென்றால், இது நியாயமான வழி.

ஆனால் தடிமனான சுவரில் கலக்கும்போது கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 45 செ.மீ. இடிமண் சுவரில் 10 சதவீதம் சிமென்ட் கலந்தால், ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 90 கிலோ சிமென்ட் ஆகிறது. 15 செ.மீ. கான்கிரீட் சுவரைக் கன மீட்டருக்கு 300 கிலோ என்ற கணக்கில் கட்டினால் 45 கிலோதான். சுற்றுச்சூழலுக்காக மண் வீடு கட்டப் போய், கான்கிரீட்டைப் போல இரண்டு மடங்கு சிமென்ட் கொட்டியதாக முடியும். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் சுமார் 7, 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. அதைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடு? போதாததற்கு, சிமென்ட் கலந்த மண்ணை மறுபடி குழைக்க முடியாது. இடித்தால் குப்பைதான். என் கருத்தில், முதலில் கூரையை நீட்டுங்கள், அடிச்சுவரை உயர்த்துங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மட்டும் சிமென்ட் மூட்டையைத் தொடுங்கள்.

வெயிலும் குளிரும்

மண் வீடு எப்போதும் குளுகுளு என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கனமான மண்சுவர் வெப்பத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். பகலில் வெளிப்பக்கம் ஏறிய சூடு உள்ளே வந்து சேர, தடிமனைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதற்குள் இரவாகிவிடும், சன்னலைத் திறந்து வைத்தால் சுவர் ஆறிவிடும். பகல் கொதித்து இரவு குளிரும் வறண்ட இடங்களில் இது அற்புதமாக வேலை செய்யும். இரவிலும் புழுக்கம் விடாத இடத்தில் சுவர் ஆறவே வாய்ப்பில்லை. அங்கே தடிமனான சுவரை விட நிழலும் காற்றோட்டமுமே முக்கியம், மெல்லிய படல் சுவரே சுகமாக இருக்கும். பனி கொட்டும் நாடுகளில் வைக்கோலை மிகுதியாகக் கலந்த லேசான மண்ணோ, தனியாக ஒரு வெப்பக்காப்பு அடுக்கோ தேவைப்படும்.

நிலநடுக்கம்

2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரத்தை நிலநடுக்கம் தாக்கியது. 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரின் பழைய மண்கோட்டையும் நொறுங்கியது. மண்சுவர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையையும் பக்கவாட்டு ஆட்டத்தையும் தாங்காது. மூலையில் பிளந்து வெளியே சாயும், தலைக்கு மேல் கனமான மண் கூரையும் இருந்தால் தப்பிக்க வழியிருக்காது.

இதற்கு விதிகள் வகுத்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 13827, நியூசிலாந்தின் 4297 முதல் 4299 வரையிலான தரங்கள், பெருவின் இ.080 ஆகியவை மண் கட்டடங்களுக்கென்றே எழுதப்பட்டவை. இந்த மாதிரி விதிகளின் சாரம் இது: சுவரின் உயரம் அதன் தடிமனைப் போல எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கதவு, சன்னல் திறப்புகள் மூலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், மொத்தத்தில் சுவர் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எல்லாச் சுவர்களையும் மேலே சுற்றிக் கட்டும் ஒரு வளையம், மரத்திலோ கான்கிரீட்டிலோ, கட்டாயம். சுவருக்குள் மூங்கிலோ நாணலோ வலையோ வைத்தால் விரிசல் விட்டாலும் துண்டுகள் பிரிந்து விழாது. கூரை லேசாக இருக்க வேண்டும். ஆபத்து மிகுந்த மண்டலத்தில் இருப்பவர்கள் பொறியாளர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

எங்கே தொடங்குவது?

செலவு குறையும் என்பதற்காக மட்டும் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மண் இலவசமாகக் கிடைக்கலாம், உழைப்பு கிடைக்காது. கூரை, கதவு, மின்சாரம், குழாய் எல்லாம் வழக்கமான செலவுதான். சொந்த உழைப்பும் நண்பர்கள் உழைப்பும் இருந்தால் மிச்சம் தெரியும். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் பல நேரம் சாதாரண வீட்டளவுக்கே வந்துவிடும். கட்ட அனுமதி தருகிற அலுவலகத்தில் மண்சுவரை ஏற்பார்களா என்பதையும் வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு முன் ஒரு சின்னச் சுவர் கட்டுங்கள். இடுப்பு உயரம், இரண்டு மீட்டர் நீளம் போதும். கீழே கல் அடிச்சுவர், மேலே அகலமான தொப்பி போல ஒரு தகரமோ ஓடோ. வெவ்வேறு விகிதத்தில் மணல் கலந்த நான்கைந்து பூச்சுகளை ஒரு சதுர அடி அளவில் பக்கத்தில் பக்கத்தில் பூசி, எதில் என்ன கலந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு பகுதியைப் பூசாமலேயே விடுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். காய்ந்தபோதே வெடித்த பூச்சில் களி அதிகம். விரலால் தேய்த்தால் உதிரும் பூச்சில் களி குறைவு. சுவரின் அடிப்பக்கம் அரித்திருந்தால் அடிச்சுவர் எவ்வளவு உயர வேண்டும் என்று அந்த அரிப்பின் உயரமே சொல்லும். எந்தத் திசைப் பக்கம் அதிகம் நனைந்திருக்கிறதோ, வீட்டுக்குத் தாழ்வாரம் அந்தப் பக்கம். இவ்வளவும் தெரிந்த பிறகு வீட்டு வரைபடத்தை எடுத்தால் போதும்.